பூட்டிய கையே திறக்க வேண்டும்!

“ஓடுங்கள்! ஊரைவிட்டு ஓடுங்கள்!” என்று ஒரு நகரம் முழுவதற்கும் ஆணை பிறந்த நாள் அது. 2005ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை.

அமெரிக்க நாட்டின் தென்கோடியிலே, மிசிசிப்பி ஆறு வளைந்து நெளிந்து கடலைத் தேடிச் செல்லும் தாழ்நிலத்திலே, வெள்ளத் தடுப்புக் கரைகளையே வேலியாகக் கொண்டு கிடக்கும் நகரம் நியூ ஆர்லியன்ஸ். அதன் பெரும்பகுதி கடல்மட்டத்திற்கும் கீழே உள்ள பள்ளம். அந்தப் பள்ளத்தை நோக்கிக் கத்ரீனா என்னும் பெரும்புயல் வந்துகொண்டிருந்தது. “ஒருவரும் இருக்கக்கூடாது, அனைவரும் வெளியேறுக” என்று மேயர் ரே நேகின் கட்டளையிட்டார். அந்த நகரின் வரலாற்றிலேயே அத்தகைய கட்டளை அதுவே முதல்.

வண்டி உள்ளவன் வண்டியேறினான். வசதி உள்ளவன் வடக்கே சென்றான். வண்டியும் இல்லை, வசதியும் இல்லை என்றிருந்த ஏழை, விளையாட்டரங்கின் கூரைக்கடியிலே ஒதுங்கினான். விலங்குகளிடத்து இரக்கம் காட்டுவதற்கென்றே அந்த ஊரில் ஒரு சங்கம் உண்டு. அந்தச் சங்கத்தாரும் சும்மா இருக்கவில்லை. தம் காப்பகத்தில் இருந்த நாய்களையும் பூனைகளையும் கணக்கெடுத்தனர். மொத்தம் 263. அத்தனையையும் புயல் வருமுன்பே ஹூஸ்டன் நகருக்குக் கொண்டு சேர்த்தனர். ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

வாழ்க அவர்கள்! வாயில்லா உயிரின் வலியறிந்த அந்த நெஞ்சங்களை நாம் வாழ்த்துவோம்.

ஆனால் தோழர்களே, அதே நகரத்திலே, அதே நாளிலே, வாயுள்ள உயிர்கள் ஆறாயிரத்துக்கு மேல் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. அந்த இடத்தின் பெயர் ஆர்லியன்ஸ் பாரிஷ் சிறை. அதன் பொறுப்பாளர் ஷெரிப் மார்லின் குஸ்மன். “கைதிகள் என்ன ஆவார்கள்?” என்ற கேள்வி எழுந்தபோது அவர் அளித்த விடை: கைதிகள் எங்கே இருக்க வேண்டியவர்களோ அங்கேயே இருப்பார்கள்!

நாய்க்குப் போக்கிடம் இருந்தது. பூனைக்குப் போக்கிடம் இருந்தது. மனிதனுக்கு மட்டும், “இருக்க வேண்டிய இடம்” என்று ஓரிடம் குறிக்கப்பட்டிருந்தது. பக்கத்துப் பாரிஷின் சிறையிலிருந்தவர்களையுங்கூட அந்தப் பள்ளத்துக்குள் கொண்டுவந்து அடைத்தார்கள். ஓடு என்று ஊருக்கு உரைத்த அதே வேளையில், வா என்று சிறைக்கு அழைத்தார்கள்!

* * *

மறுநாள் புயல் வந்தது. கரைகள் உடைந்தன. நகரம் ஏரியாயிற்று.

சிறையின் விளக்குகள் அணைந்தன. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இருக்கிறது என்று மார்தட்டியிருந்தார்கள்; அந்த ஜெனரேட்டர்களும் நின்றன. இருட்டு. காற்றில்லாக் கொட்டடி. கீழ்த்தளத்தில் நீர் புகுந்தது. கணுக்காலில் நின்ற நீர் முழங்காலுக்கு ஏறிற்று. முழங்காலிலிருந்து மார்புக்கு ஏறிற்று. கதவு மட்டும் திறக்கவில்லை. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேல் படுக்கையில் ஏறிக்கொண்டு, “திறவுங்கள்” என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். திறக்க வேண்டியவர் பலர் அங்கே இல்லை. உணவு இல்லை. குடிக்க நீர் இல்லை. சுற்றிலும் கடல்போல் நீர். நாவை நனைக்க ஒரு மிடறு இல்லை!

நமது புறநானூறு அறிந்தவர்களுக்குச் சேரமான் கணைக்கால் இரும்பொறையை நினைவூட்ட வேண்டியதில்லை. சோழன் செங்கணானிடம் தோற்று, குடவாயிற்கோட்டத்துச் சிறையில் கிடந்த அரசன் அவன். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான், காலந்தாழ்த்திக் கொடுத்தனர், குடிக்க மறுத்து மாண்டான் என்று தமிழ் இரண்டாயிரமாண்டாகத் தன் நெஞ்சில் எழுதி வைத்திருக்கிறது. தண்ணீர் தாமதமானதற்கே தலைகுனிந்த மொழி நம்முடைய மொழி. தண்ணீரே தரப்படாத ஆயிரக்கணக்கானோருக்கு எந்தப் புலவன் பாட்டெழுதினான்?

சாளரக் கண்ணாடியை உடைத்தார்கள். துணியில் எழுதித் தொங்கவிட்டார்கள். போர்வையைக் கொளுத்தி வெளியே நீட்டினார்கள், எவர் கண்ணிலாவது படட்டும் என்று. பின்னர்தான் படகுகள் வந்தன. நாட்கணக்கில் நடந்தது அந்த மீட்பு. நீரிலிருந்து தூக்கப்பட்டவர்களைப் பக்கத்திலிருந்த பிராட் தெரு மேம்பாலத்தில் கொதிக்கும் வெயிலில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து பேருந்துகளில் ஏற்றி, செயின்ட் கேப்ரியல் என்ற ஊரில் உள்ள சிறையின் விளையாட்டுத் திடலில் ஆயிரக்கணக்கில் இறக்கினார்கள். குடிபோதையில் பிடிபட்டவனும் கொலைவழக்கில் சிக்கியவனும் ஒரே வேலிக்குள். உணவை வேலிக்கு மேலாக வீசினார்கள். வலியவன் எடுத்தான், மெலிந்தவன் பார்த்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மை தவறியவனாவேன். அந்தச் சிறையின் காவலர்கள் எல்லாரும் கல்நெஞ்சர் அல்லர். பலர் தம் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தனர். அவர்களும் நீரில் சிக்கினர், அவர்களும் பசித்திருந்தனர். சாவி வைத்திருந்தவனுக்குங்கூடப் போகும் வழி சொல்லப்படவில்லை. கைதியைக் கைவிட்ட திட்டம் காவலனையும் கைவிட்டது. ஆகவே, ஒரு வார்டரின் கொடுமையாக மட்டும் இதைக் கண்டால் நாம் பாதியைத்தான் கண்டவர்களாவோம். ஓர் அரசின் அலட்சியம் இது.

* * *

“குற்றம் செய்தவன்தானே! நீரில் நின்றால் நின்றுவிட்டுப் போகட்டுமே!” என்று முணுமுணுப்பவர் நமக்குள்ளேயும் உண்டு. அவர்களுக்கு இரண்டு மறுமொழிகள்.

முதல் மறுமொழி: அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்றவர்களே அல்லர். வழக்கு நடக்கும் முன்னரே வைக்கப்பட்டிருந்தவர்கள். அபராதம் கட்டாதவன், தெருவில் குடித்துக் கிடந்தவன், ஜாமீன் தொகை புரட்ட முடியாதவன். சிறுவர்களும் இருந்தார்கள். மிகப் பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள். பணமிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களும் வடக்கே போயிருப்பார்கள். அவர்களுடைய உண்மையான குற்றம் ஏழ்மை.

இரண்டாவது மறுமொழி இன்னும் முக்கியமானது. எல்லாரும் தீர்ப்புப் பெற்ற குற்றவாளிகளே என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நீதிபதி என்ன தண்டனை எழுதினார்? ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். ஆறு ஆண்டு என்றால் ஆறு ஆண்டு. “ஆறு மாதச் சிறை, இடையே வெள்ளம் வருமாயின் மூழ்குக, தீ பிடிக்குமாயின் வேகுக” என்று எந்த நீதிபதியாவது எழுதியதுண்டா? எழுதாத தண்டனையை நிறைவேற்ற அரசுக்கு உரிமை தந்தவர் யார்?

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! வீட்டில் தீப்பிடித்தால் நீங்கள் ஓடலாம். வெள்ளம் வந்தால் மாடியேறலாம். மரத்தைப் பிடித்துத் தொங்கலாம். அயலான் வீட்டுக் கதவைத் தட்டலாம். உங்களைக் காப்பாற்றும் முதல் படைவீரன் உங்கள் இரண்டு கால்கள். சிறைக்குள் இருப்பவனிடமிருந்து அரசு பறித்துக்கொள்வது அந்தக் கால்களைத்தான். சட்டப்படி பறிக்கிறது, பறிக்கட்டும். ஆனால் பறித்த அந்த நொடியிலிருந்து அவனுக்குக் கால்கள் யார்? அரசுதான்! ஓட முடியாதபடி செய்தவனே தூக்கிக்கொண்டு ஓடக் கடமைப்பட்டவன். பூட்டிய கையே திறக்கக் கடமைப்பட்ட கை. இதைச் சலுகை என்பவன் சட்டம் அறியான். கருணை என்பவன் அறம் அறியான். இது கடன், அரசு தீர்த்தே ஆகவேண்டிய கடன்.

* * *

“கடமை சரி, பணம் எங்கே?” என்பார்கள். நாடகம் எழுதுபவன் நான். அந்த உரையாடலை அப்படியே காட்சியாகக் காட்டிவிடுகிறேன்.

குடிமகன் கேட்கிறான்: “மதிலுக்குப் பணம்?”

ஆள்வோர்: “ஒதுக்கியாயிற்று.”

“மதிலின்மேல் முள்வேலிக்கு?”

“அதுவும் ஆயிற்று.”

“காவல் கோபுரத்துக்கு? கேமராவுக்கு?”

“ஆயிற்று, ஆயிற்று.”

“வெள்ளம் வந்தால் கைதிகளை ஏற்றிச் செல்ல நான்கு பேருந்து? மேல்தளத்தில் வைக்க ஒரு ஜெனரேட்டர்? மாற்றுச் சாவிக்கொத்து ஒன்று?”

“நிதிநிலை நெருக்கடியாக இருக்கிறதே! அடுத்த ஆண்டு பார்ப்போம்.”

கற்பனைதான். ஆனால் நியூ ஆர்லியன்ஸ் சிறையின் கணக்கேடு இந்தக் கற்பனையையும் வெல்லும். 1970களின் தொடக்கத்தில் ஆயிரம் பேருக்கும் குறைவாகவே இருந்த சிறை அது. முப்பதே ஆண்டுகளில் ஆறாயிரத்தைத் தாண்டிற்று. எப்படி வளர்ந்தது? ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நகராட்சி ஷெரிப்புக்குப் படியளந்தது. அந்தப் படி 22 டாலர் 39 சென்ட். மாநில அரசும் தன் கைதிகளை அங்கே வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தது. சத்திரத்துக்கு ஆள் சேர்ந்தால் வருமானம் என்பதுபோலச் சிறைக்கு ஆள் சேர்ந்தால் வருமானம்! தலையை எண்ணிப் பணம் வந்தது. தலையைக் காக்கத் திட்டம் வரவில்லை.

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். ஏழைக் கைதிக்காக வாதாடும் அரசு வழக்கறிஞர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி, போக்குவரத்து விதி மீறியவர்கள் கட்டிய அபராதத்திலிருந்து! நகரம் நீரில் மூழ்கிற்று, வண்டி ஓடவில்லை, அபராதம் வரவில்லை, வழக்கறிஞர்களில் பெரும்பாலோர் வேலையிழந்தனர். மாநிலமெங்கும் சிறைகளில் சிதறடிக்கப்பட்ட அந்த மனிதர்கள், எந்த வழக்கில் வந்தோம், என்று வெளியேறுவோம் என்று கேட்க ஆளின்றி மாதக்கணக்கில் கிடந்தனர். சில நாள் தண்டனைக்குரியவன் பல மாதம் இருந்தான். நீதி கிடைப்பது சாலையில் எத்தனை பேர் விதி மீறினார்கள் என்பதைப் பொறுத்தது என்றால், அந்த நாட்டு நீதிதேவதையின் கண்ணைக் கட்டியது துணியா, ரசீதா?

பணமே இல்லையோ என்றால், இருந்தது. புயல் அடித்து ஒரு வாரம் முடியுமுன், பிணங்கள் இன்னும் நீரில் மிதந்துகொண்டிருக்கையிலே, அந்த நகரின் பேருந்து நிலையத்தில் கம்பிவலைக் கூண்டுகள் எழுந்தன. தற்காலிகச் சிறை! மருத்துவமனைகள் மூடிக்கிடந்தன, பள்ளிகள் மூடிக்கிடந்தன, அழிந்த நகரில் முதலில் உயிர்பெற்ற பொது நிலையங்களுள் ஒன்று சிறைச்சாலை. காப்பாற்றக் கை வரவில்லை. கட்டிவைக்கக் கை உடனே வந்தது!

அதன்பின் புதிய சிறை கட்டினார்கள்; 2015ஆம் ஆண்டு திறந்தார்கள். செலவு ஏறத்தாழ 14 கோடியே 50 லட்சம் டாலர். பெரும்பகுதி நடுவண் அரசின் பேரிடர் நிதி. பேரிடரில் கைதியைக் கைவிட்ட நகரம், பேரிடர் நிதியிலே சிறை கட்டிக்கொண்டது. அந்தப் புதுக்கட்டடமாவது பழுதற்றதா? 2025 மே திங்களில் பத்துக் கைதிகள் கழிப்பறைத் தொட்டிக்குப் பின்னே இருந்த சுவர்த் துளை வழியே நழுவி வெளியேறினார்கள். அப்போது வெளிவந்த செய்தி என்ன? பூட்டுகள் பழுது, ஆள் பற்றாக்குறை. கல்லுக்குக் கோடி கொட்டினார்கள். காவலுக்கு ஆள் இல்லை; பூட்டுக்குப் பழுதுபார்ப்பு இல்லை. உள்ளே இருப்பவனையும் காக்கவில்லை. வெளியே இருப்பவனையும் காக்கவில்லை. மனிதனை மறந்து மதிலுக்குச் செலவிடும் அரசு இரண்டையும் இழக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

* * *

அது ஒரு நாட்டின் குறை என்று தள்ளிவிட முடியாது. உலகின் சிறைப் பேரழிவுகளைப் புரட்டினால் எல்லாப் பக்கத்திலும் ஒரே பொருள் கிடக்கிறது: திறக்கப்படாத பூட்டு.

1930 ஏப்ரல் 21. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலச் சிறை. ஏறத்தாழ 1,500 பேருக்கான இடத்தில் 4,300 பேர். தீ பிடித்தது. கொட்டடிகளைத் திறக்கத் தயங்கினார்கள்; தாமதித்தார்கள். 322 பேர் மாண்டனர்.

2010 டிசம்பர் 8. சிலி நாட்டின் சாந்தியாகோ நகரில் சான் மிகேல் சிறை. அங்கும் நெரிசல், அங்கும் தீ, 81 பேர் மாண்டனர்.

2012 பிப்ரவரி 14, இரவு. ஒண்டுராஸ் நாட்டில் கொமயாகுவா சிறை. 800க்கும் மேற்பட்டோர் உள்ளே. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தீர்ப்பே பெறாதவர்கள். இரவுக் காவலுக்கு ஒரு சிலர். தீ எழுந்தது. சாவி வரவில்லை. தீயணைப்போரும் வாயிலில் காக்க வைக்கப்பட்டனர். கடைசியில் சாவியை எடுத்துக் கதவுகளைத் திறந்து பலரைக் காத்தவன் யார் தெரியுமா? அதிகாரி அல்லன், அமைச்சர் அல்லன், அவனும் ஒரு கைதி! 360க்கும் மேற்பட்டோர் சாம்பலாயினர். அரசு மறந்த கடமையை, அரசால் குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்டவன் செய்தான்.

நெரிசல், ஆள் குறைவு, சாவி இல்லை. இந்த மூன்றும் கூடிய இடத்தில் தீக்குச்சி ஒன்று போதும். மழைநாள் ஒன்று போதும்.

* * *

இனி நம் வீட்டுக்கு வருவோம். அயலான் வீட்டு ஓட்டையை எண்ணிக்கொண்டு நம் கூரையைப் பாராதவர்கள் அல்லர் நாம்.

2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். இடமோ 4,36,266 பேருக்கு. நூறு பேர் படுக்கும் இடத்தில் 131 பேர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள், தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள். சிறைப் பணியாளர் இடங்களிலோ, ஏறத்தாழப் பத்தில் மூன்று காலி. நெரிசல் உண்டு, ஆள் குறைவும் உண்டு. கொமயாகுவாவில் கூடிய மூன்றில் இரண்டு இங்கே ஏற்கனவே கூடிவிட்டன. மூன்றாவதான சாவியை மட்டும் நம்பி நாம் உறங்குகிறோம்!

உத்தரப் பிரதேசத்துப் பலியா நகரில், 2019 செப்டம்பர் இறுதியில் பெய்த மழையில் மாவட்டச் சிறைக்குள் வெள்ளம் புகுந்தது. எண்ணூறுக்கும் மேற்பட்ட கைதிகளை ஆசம்கர் முதலிய வேற்றூர்ச் சிறைகளுக்கு அவசர அவசரமாக மாற்ற நேர்ந்தது. அங்கே நேரம் இருந்தது, உயிர்கள் பிழைத்தன. மழை பொறுமையோடு பெய்தது என்பதற்காக நாம் மழைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், திட்டத்துக்கு அன்று.

சட்டம் என்ன சொல்கிறது? 1894ஆம் ஆண்டில் வெள்ளையன் எழுதிய சிறைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, கைதிகளைத் தற்காலிகமாக வேறிடத்தில் தங்க வைப்பதைப் பேசுகிறது. எப்போது? இடத்துக்கு மீறிக் கைதிகள் சேர்ந்தால், கொள்ளைநோய் தோன்றினால், “வேறு காரணம்” இருந்தால். வெள்ளம், தீ, நிலநடுக்கம், கடல்கோள் அனைத்தும் அந்த “வேறு காரணம்” என்ற ஒரே மூட்டைக்குள்! எழுதியவனுக்கு 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை தெரியாது. 2015ஆம் ஆண்டின் சென்னைப் பெருவெள்ளம் தெரியாது. நமக்குத் தெரியுமே!

சென்னையின் பழைய மத்தியச் சிறை 2006ஆம் ஆண்டு புழலுக்கு மாறிற்று. புழல் என்றவுடன் தமிழனுக்கு நினைவுக்கு வருவது எது? ஏரி! தலைநகருக்குக் குடிநீர் தரும் ஏரி. மாரி மிகுந்தால் மதகு திறக்கப்படும் ஏரி. அந்த ஏரியின் பெயரைத் தாங்கிய ஊரிலே ஆயிரக்கணக்கானோரைப் பூட்டி வைத்திருக்கிறோம். மதகு திறக்கும் இரவில் எந்தக் கொட்டடி முதலில் திறக்கப்படும்? சாவி எவர் கையில்? பேருந்து எங்கிருந்து வரும்? நோயாளிக் கைதியை எவர் தூக்குவர்? விடை எழுதப்பட்டிருந்தால் அதை மக்கள் முன் வையுங்கள், மகிழ்வோம். எழுதப்படவில்லை என்றால் இன்றே எழுதுங்கள்.

இங்கே தோழர்களுக்கு ஒரு கசப்பு மருந்து. எதற்கெடுத்தாலும் டில்லியை நோக்கி விரல் நீட்டுவது நமக்குப் பழக்கம்; பல வேளைகளில் அது நியாயமான பழக்கமே. ஆனால் சிறைச்சாலை, அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலில், நான்காவது இனம். அது நம் கையில் உள்ள அதிகாரம். மாநில சுயாட்சி கேட்டுக் கொடி பிடிக்கும் நாம், நம் கையில் ஏற்கனவே உள்ள சாவிக்குப் பதில் சொல்லாவிட்டால், இன்னும் பல சாவிகளைக் கேட்கும் தகுதியை எங்கே பெறுவோம்? கோட்டையில் எவர் அமர்ந்திருந்தாலும் இந்தக் கேள்வி மாறாது. நம்மவர் அமர்ந்திருந்தால் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும்.

ஏன் எந்தக் கட்சியும் இதை மேடையேற்றவில்லை? விடை எளிது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி சிறையில் இருப்பவனுக்கு வாக்கில்லை. தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிக்கும் இல்லை. சிறையிலிருந்தபடி தேர்தலில் நிற்கலாம்; சிறையிலிருந்தபடி வாக்களிக்க முடியாது! நிற்க வசதியுள்ளவனுக்கு நாற்காலி. நிற்க வழியற்றவனுக்கு நடுத்தெருவும் இல்லை. வாக்கில்லாதவனுக்காகப் பேசுவதால் ஒரு வாக்கும் வராது. அதனால்தான் பேச வேண்டியவர்கள் நாம்! வாக்கு எண்ணிப் பேசுகிறவன் வியாபாரி. வதைபடுபவனை எண்ணிப் பேசுகிறவன் இயக்கத்தான்.

* * *

சிறை நமக்குப் புதிய இடமா? 1939ஆம் ஆண்டு, மொழி காக்கச் சிறைபுகுந்த நடராசனையும் தாளமுத்துவையும் நாம் உயிரோடு திரும்பப் பெறவில்லை. 1976ஆம் ஆண்டு, நெருக்கடிநிலைக் கொடுங்காலத்தில், சென்னை மத்தியச் சிறையில் விழுந்த அடிகளை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்து எழுதியது. அந்தச் சிறைவாசத்தின் வடுவோடு மறைந்த சிட்டிபாபுவை நாடு அறியும். நம் தலைவர்கள் உள்ளே இருந்தபோது சிறைக் கொடுமை பற்றி முழங்கினோம். அவர்கள் வெளியே வந்தபின் அதே கொட்டடியில் பெயரற்ற ஏழை ஒருவன் படுத்தான். நம் முழக்கம் ஏன் நின்றது? தலைவன் முதுகுக்கு ஒரு நீதி, தெருவோன் முதுகுக்கு ஒரு நீதியா?

தமிழ் இதற்கு என்றோ விடை சொல்லிவிட்டது. மணிமேகலைக் காப்பியத்திலே ஒரு காதைக்கே பெயர், சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை. அமுதசுரபி ஏந்திய அந்த இளநங்கை புகார் நகரத்துச் சிறைக்குள் நுழைகிறாள், பசித்தவர்க்கு உணவிடுகிறாள். வியந்த வேந்தன் அழைத்து, “வேண்டுவது யாது?” என்று வினவுகிறான். பொன் கேட்டாளா? மணி கேட்டாளா? சிறைச்சாலையை அறச்சாலை ஆக்குக என்று கேட்டாள், அரசனும் ஆக்கினான். பின்னொரு நாள் அந்தப் புகாரைக் கடல் கொண்டது என்றும் அதே காப்பியம் சொல்கிறது. நகரம் மூழ்குமுன்பே அந்நகரின் சிறைக்கதவு திறந்திருந்தது, தோழர்களே! கடல் வந்த நாளில் புகாரில் பூட்டிய கொட்டடி இல்லை. நியூ ஆர்லியன்ஸில் இருந்தது. எது நாகரிகம்?

சிறைகளையெல்லாம் நாளையே இடித்துவிடு என்று நான் கேட்கவில்லை. கேட்பது நான்கே.

ஒன்று: ஒவ்வொரு சிறைக்கும், கிளைச்சிறைக்கும், வெள்ளத்துக்கும் தீக்கும் நிலநடுக்கத்துக்கும் தனித்தனியே எழுதப்பட்ட வெளியேற்றத் திட்டம் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை அதை நடத்திப் பார்க்க வேண்டும். நடத்திப் பார்க்காத திட்டம் கரையானுக்கு எழுதிய கடிதம்.

இரண்டு: மாநிலப் பேரிடர்த் திட்டத்தில் சிறைக்கென ஒரு பகுதியும், வரவு செலவுத் திட்டத்தில் அதற்கென ஒரு தலைப்பும் வேண்டும். ஜெனரேட்டர் தரையிலன்று, மேல்தளத்தில். குடிநீர் சேமிப்பு, மருந்து, மாற்றுச் சாவிக்கொத்து, ஏற்றிச் செல்ல ஊர்தி. காலியாகக் கிடக்கும் பணியிடங்களை நிரப்புவதும் இதில் அடங்கும். சாவி திறக்கக் கை வேண்டும் அல்லவா?

மூன்று: நெரிசலைக் குறைக்க வேண்டும். வெளியேற்றுவதிலேயே சிறந்த வெளியேற்றம், உள்ளே இருக்க வேண்டாதவனை முன்பே வெளியே அனுப்புவது. 2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவியபோது, உச்ச நீதிமன்றம் மாநிலந்தோறும் குழு அமைக்கச் சொல்லிற்று; பல்லாயிரவர் ஜாமீனிலும் பரோலிலும் வெளியே வந்தனர். வானம் இடிந்து விழவில்லை! அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது? 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, தூக்கோ ஆயுளோ விதிக்கத்தக்க வழக்குகள் நீங்கலாக, முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவன் உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் அவனை விடுவிக்க வழி சொல்கிறது. சட்டப் புத்தகத்தில் உள்ள அந்த வரி கொட்டடிக்குள் உள்ளவன் காதுக்குப் போய்ச் சேர வேண்டும்.

நான்கு: பேரிடர் நாளில் கைதி எங்கே இருக்கிறான் என்பதை அவன் வீட்டாருக்குச் சொல்லவும், அவன் வழக்கு நின்றுவிடாமல் பார்க்கவும் ஓர் ஏற்பாடு வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் நீரிலிருந்து தப்பியவர்கள் காகிதத்தில் தொலைந்தார்கள். அது இங்கே நேரக்கூடாது.

இவை சட்டமன்றத்தில் கேட்க வேண்டியவை. உங்களுக்கும் ஒரு பணி உண்டு. உங்கள் ஊரில் கிளைச்சிறை ஒன்று இருக்கும். நாள்தோறும் அதன் வாசலைக் கடந்து போவீர்கள். அங்கே வெளியேற்றத் திட்டம் உண்டா, கடைசி ஒத்திகை எந்த நாளில் நடந்தது, இரவில் எத்தனை காவலர், சாவிக்கொத்து எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு எழுதுங்கள். பத்து ரூபாய்ச் செலவு. பதில் வந்தால் கிளைக் கழகக் கூட்டத்தில் படியுங்கள். பதில் வராவிட்டால் அதையும் படியுங்கள். சுவரொட்டி ஒட்டத் தெரிந்த கைகளுக்கு இந்த மனு எழுதத் தெரியாதா?

அடுத்த மழை எப்போது வரும் என்று வானிலை அலுவலகம் சொல்லும். அந்த மழையில் கம்பிக்குள்ளே நின்று கதவைத் தட்டுபவன் எவன் என்று யாரும் சொல்ல முடியாது. இன்று திருடன் எனப்படுபவனாக இருக்கலாம். நாளை திருடன் அல்லன் என்று தீர்ப்புப் பெறுபவனாக இருக்கலாம். போராட்டத்தில் கைதாகி முதல்நாள் உள்ளே போன நம் கிளைச் செயலாளராகவும் இருக்கலாம். தட்டுபவன் எவனாயினும் நம் கேள்வி ஒன்றே:

பூட்டினாயே, சாவி எங்கே?